கம்ப்யூட்டர் திணறினால் கடைக்கு ஓடுவதற்கு முன்...



மாதக் கடைசி வந்தால் கூட்டமைப்பு அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "மேடம், கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஒரு குழு கணக்கை ஏத்தறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆகுது. நாளைக்கு பேங்குக்கு அறிக்கை கொடுக்கணும்." அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். "கடைக்காரர் வந்து பார்த்தார். போர்டு போச்சாம். மாத்தணும்ங்கிறார்."

இந்த இதழின் பாடம் அதைப் பற்றித்தான். கணக்காளரும் செயலாளரும் படித்தால் போதும் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத சகோதரியும் படிக்க வேண்டும். ஏனென்றால் செலவுக்குத் தீர்மானம் போடும்போது கையெழுத்து போடுவது நீங்கள்தான். 15 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு என்றால் மாதம் 1,500 ரூபாய். 9,000 ரூபாய் ரிப்பேர் பில் என்றால் அது ஒரு குழு ஆறு மாதம் சேர்த்த பணம். ஆட்டுக்குட்டி வாங்கக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

சிபியூ என்றால் எது?

மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியைத்தான் எல்லோரும் 'சிபியூ' என்கிறோம். உண்மையில் சிபியூ என்பது அந்தப் பெட்டிக்குள் போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னச் சில்லு. தீப்பெட்டி அளவுகூட இருக்காது. பிராசசர் என்பதும் அதுதான். கூட்டல், கழித்தல், திரையில் எழுத்து வருவது, பாட்டு பாடுவது, பிரிண்ட் போவது எல்லாமே அதன் கணக்குதான். சூடாகும் என்பதால் அதன் தலைமேல் ஒரு அலுமினியக் கட்டியும் ஒரு ஃபேனும் வைத்திருப்பார்கள்.

நம் குழுக் கூட்டத்தில் கணக்கு எழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சேமிப்பு கொடுக்கிறார், எழுதுகிறார். அடுத்தவர் தவணை கட்டுகிறார், எழுதுகிறார். சரியாகப் போகிறது. திடீரென்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் பாஸ்புக்கை நீட்டினால்? அதோடு ஜன்னலுக்கு வெளியே நின்று கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேர் "எனக்கு இதைக் கூட்டிச் சொல்லு" என்று கத்தினால்? உங்கள் முறை வர நேரமாகும். எழுதுபவருக்கு வயதாகிவிட்டது, ஆளை மாற்ற வேண்டும் என்று சொல்வோமா? யார் யார் கத்துகிறார்கள் என்று முதலில் எட்டிப் பார்ப்போம். கம்ப்யூட்டரிலும் அப்படி எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்குக் காசு கிடையாது.

டாஸ்க் மேனேஜர்

கீபோர்டில் இடது பக்கம் கீழே கன்ட்ரோல், அதற்கு மேலே ஷிப்ட், இடது மேல் மூலையில் எஸ்கேப். இந்த மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்று ஒரு கட்டம் திறக்கும். விண்டோஸ் 10-ல் சில சமயம் சின்னதாக வரும். அப்போது கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்று இருப்பதைத் தட்டினால் முழுசாக விரியும்.

இடது பக்கம் வேலைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வலது பக்கம் சிபியூ, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ஒரு சதவீதம் தெரியும். சிபியூ என்ற தலைப்பின் மேல் ஒரு முறையோ இரண்டு முறையோ தட்டினால், அதிகம் எடுப்பவர் முதல் வரிக்கு வருவார்.

போட்டவுடனே பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது எல்லாருக்கும் 80, 90 சதவீதம் காட்டத்தான் செய்யும். ஒரு டீ குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நாம் எதையும் திறக்காமலே அப்போதும் 90-க்கு மேல் நின்றால் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. எதையாவது திறக்கும்போது ஒரு நொடி 100-ஐத் தொட்டுவிட்டு இறங்குவது நோய் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிபியூ 15 சதவீதம்தான், ஆனால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டினால் பிராசசர் சும்மா இருக்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்தான் தாமதம் செய்கிறது. மெமரி 90-க்கு மேல் என்றால் ரேம் போதவில்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அந்த நேரத்தில் "பிராசசர் மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால், அந்த எண்ணைக் காட்டி "இது 15 தானே அண்ணா காட்டுது?" என்று கேளுங்கள்.

டீட்டெய்ல்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என்ற பெயர் 95 என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்தவர்கள் உண்டு. ஐடில் என்றால் சும்மா இருப்பது. 95 பங்கு சும்மா இருக்கிறேன் என்று அது சொல்கிறது. நல்ல செய்திதான்.

ஒரு கூட்டமைப்பில் நடந்தது

ஊர் பெயர் வேண்டாம். 30-க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ள ஊராட்சிக் கூட்டமைப்பு அது. வங்கிக் கடனுக்காகப் பதினோரு குழுக்களின் கணக்கை அனுப்ப வேண்டிய வாரம். ஒரு எண்ணைத் தட்டினால் அது திரையில் விழ அரை நிமிடம் ஆனது. கணக்காளர் இரண்டு இரவு உட்கார்ந்தும் நாலு குழுதான் முடிந்திருந்தது. புது கம்ப்யூட்டர் வாங்கத் தீர்மானமும் எழுதிவிட்டார்கள். கையெழுத்துதான் பாக்கி.

பொருளாளர் அக்கா ஐந்தாவது வரை படித்தவர். அவர்தான் நிறுத்தினார். "வாங்கி மூணு வருஷம்தான் ஆச்சு. ஏன் ஸ்லோ ஆச்சுன்னு ஒருத்தராவது சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து போடறேன்" என்றார். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். முதல் வரியில் எக்செல். இரண்டாவது வரியில் ஒரு ஆன்டிவைரஸ், மூன்றாவதில் இன்னொரு ஆன்டிவைரஸ். அதற்குக் கீழே பிரவுசர்.

எக்செல் ஏன் அவ்வளவு எடுக்கிறது? கடன் பேரேட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் நிலுவையைக் கணக்கிடும் ஃபார்முலா போட்டிருந்தார்கள். போட்டவர் அதை இழுத்துக்கொண்டே போய் தாளின் கடைசி வரை விட்டிருந்தார். ஒரு எக்செல் தாளில் 10,48,576 வரிசைகள் உண்டு. குழுவுக்கு ஒரு தாள் வீதம் பல தாள்களில் இப்படி. கணக்காளர் ஒரு எண்ணைத் தட்டினால் போதும், காலியாகக் கிடக்கும் லட்சக்கணக்கான வரிசைகளையும் பிராசசர் திரும்பத் திரும்பக் கணக்கிடும். திரையின் அடியில் 'கால்குலேட்டிங்' என்று ஒரு சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். அதை இத்தனை நாளும் யாரும் கவனிக்கவில்லை.

முதலில் கோப்பைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தோம். பிறகு ஒவ்வொரு தாளிலும் எழுத்து முடியும் இடத்துக்குக் கீழே உள்ள வரிசைகளைத் தேர்ந்தெடுத்து நீக்கினோம். முடிந்துபோன ஆண்டுகளின் கணக்கை வேறு கோப்பாகப் பிரித்து வைத்தோம். அவ்வளவுதான். தட்டிய எண் தட்டியவுடன் விழுந்தது. மீதி ஏழு குழுக் கணக்கும் அன்று சாயங்காலமே முடிந்தது.

இரண்டு ஆன்டிவைரஸ் கதை இன்னும் சுலபம். கம்ப்யூட்டர் வாங்கும்போதே ஒன்று ஓசியில் வந்து, காலம் முடிந்து கிடந்தது. பிறகு ஒன்று காசு கொடுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்காரர் வைத்தால் ஒருவர் திறக்கும் பெட்டியை மற்றவர் திரும்பத் திறந்து பார்ப்பார். ஒன்றை செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்தோம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற காவல் இலவசமாக இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். அதனால் எதுவாக இருந்தாலும் ஒன்று போதும்.

பிரவுசரில் 19 பக்கங்கள் திறந்திருந்தன. அதில் ஒன்று சீரியல். யாருடையது என்று நான் கேட்கவில்லை! குரோம் என்றால், அதற்குள் இருந்துகொண்டு ஷிப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம் எவ்வளவு தின்கிறது என்று தனியாகக் காட்டும். தேவையில்லாததை மூடிவிடலாம்.

தீர்மான நோட்டில் அந்தத் தீர்மானத்தின் மேல் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்தார்கள்.

தொடலாம், தொடக்கூடாது

டாஸ்க் மேனேஜரில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அந்த வேலை நின்றுவிடும். சேமிக்காத கணக்கு அதோடு போய்விடும். அதனால் முதலில் சேவ் செய்யுங்கள். நாம் திறந்த எக்செல், பிரவுசர், பாட்டு போன்றவற்றை நிறுத்தலாம். 'விண்டோஸ் பிராசசஸ்' என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றைத் தொடாதீர்கள்.

'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று ஒன்று மேலே நின்றால் அது டிஃபெண்டர் சோதனை செய்வது. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்றால் அப்டேட் நடக்கிறது. இரண்டுமே முடிந்தால் தானாக இறங்கிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது, வேலை இல்லாத மதிய நேரத்தில் கம்ப்யூட்டரை நெட்டோடு ஓடவிட்டு வையுங்கள். நம் அலுவலகங்களில் மாதத்தில் நாலு நாள்தான் கம்ப்யூட்டரைப் போடுகிறோம். ஒரு மாத அப்டேட்டும் அந்த நாலு நாளில் வந்து விழுகிறது. மாதக் கடைசியில் மட்டும் ஸ்லோ ஆவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்பது வெகுநேரம் அதிகமாக நின்றால், பிரிண்டர், பென் டிரைவ், கைரேகைக் கருவி போன்று வெளியே செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் இறங்குகிறதோ அதில் கோளாறு.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் தானாகத் திறக்கும் வேலைகளையும் குறைக்கலாம். அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில் அவை இருக்கும். தேவையில்லாததற்கு 'டிசேபிள்' கொடுத்தால் போதும். நிரல் அழிந்துபோகாது, அழைத்தால் வரும். அப்புறம், ஷட்டவுன் செய்வதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்று என்று நினைக்கிறோம். விண்டோஸ் 10, 11-ல் வேகமாகத் திறப்பதற்காக ஷட்டவுன் செய்யும்போது பாதியை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. முழுசாகத் துடைத்துப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். பல நேரம் இதுவே வைத்தியம்.

நம் கரண்டில் அடுத்தவர் சம்பாத்தியம்

பெயர் தெரியாத ஒன்று நாள் முழுக்க 70, 80 சதவீதம் எடுத்தால் சந்தேகப்பட வேண்டும். கிரிப்டோ நாணயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் சில வகைகளை உண்டாக்கப் பிராசசர் ஓயாமல் கணக்குப் போட வேண்டும். தன் கம்ப்யூட்டரில் செய்தால் கரண்ட் பில் ஏறும். அதனால் திருடர்கள் அடுத்தவர் கம்ப்யூட்டரில் ரகசியமாகச் செய்கிறார்கள். 2017-ல் காயின்ஹைவ் என்ற ஒன்று வந்தது. ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாலே நம் பிராசசர் யாருக்கோ உழைக்கும். 2019-ல் அதை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தத் தொழில் நிற்கவில்லை. காசு கொடுக்காமல் விண்டோஸும் ஆபீசும் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் 'கிராக்' கோப்புகளோடு இவை ஒட்டிக்கொண்டு வரும்.

இதில் ஒரு தந்திரம் பாருங்கள். சில திருட்டு நிரல்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் வேலையை நிறுத்திவிடும், மூடியதும் மறுபடி தொடங்கும். மாமியார் வரும் சத்தம் கேட்டதும் டிவியை அணைப்பது மாதிரி. அதுவரை சத்தமாகச் சுற்றிய ஃபேன், கட்டத்தைத் திறந்ததும் அடங்குகிறது, மூடியதும் மறுபடி கத்துகிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதனை செய்யும். கால் மணி நேரம் போல ஆகும். உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கம்ப்யூட்டர் அது. அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திரையில் திடீரென்று "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு போன் செய்யவும்" என்று சத்தத்தோடு வந்தால் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதில்லை. போன் செய்தால் "ஸ்லோவா இருக்கா? நான் இங்கிருந்தே சரி பண்றேன்" என்று சொல்லி ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். அதன்பிறகு நம் மவுஸ் அவர்கள் கையில். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். அது சைபர் குற்றப் புகார் எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

தூசும் சூடும்

எந்த நிரலும் அதிகம் எடுக்கவில்லை, ஆனாலும் திணறுகிறது என்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'பேஸ் ஸ்பீடு' என்று ஒரு எண், 'ஸ்பீடு' என்று ஒரு எண் இருக்கும். பேஸ் 2.30 என்று இருக்கும்போது, வேலை நிறைய நடந்தும் ஸ்பீடு 0.80-ஐத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் சூடுதான் காரணம்.

நம் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பெட்டி தரையில், சுவரை ஒட்டி, பூப்போட்ட துணி உறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் மாவு மில் இருந்தால் கேட்கவே வேண்டாம். பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணி மூடக்கூடாது, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். வேலை முடிந்து அணைத்தபிறகு உறை போடலாம்.

ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அன்றைக்கு உள்ளேயும் சுத்தம் செய்யும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் நல்லது. பிளக்கை உருவிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மெல்லிய உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தூசைத் தட்டுங்கள். ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஃபேனையும் அலுமினியக் கட்டியையும் கழற்றாதீர்கள். அதற்கும் பிராசசருக்கும் நடுவே ஒரு பசை இருக்கிறது, கழற்றினால் புதிதாகத் தடவ வேண்டும். ஃபேன் சுற்றவே இல்லை என்றால்தான் மெக்கானிக் வேலை.

மெக்கானிக்கை அழைக்கும்போது

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் தாராளமாக அழையுங்கள். நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்து, அதைக் காட்டிப் பேசுங்கள். என்ன கோளாறு, எந்த பாகம், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். "பார்மட் பண்ணிடலாம்" என்றால் அதில் உள்ள கணக்கு எல்லாம் அழியும் என்று அர்த்தம். அதற்கு முன் நகல் எடுத்து, செயலாளர் ஒன்றும் பொருளாளர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கடைக்குக் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் உறுப்பினர் விவரக் கோப்புகளை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, போன மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டது: "எங்களுது விண்டோஸ் 10. அது முடிஞ்சு போச்சாமே, அதனாலதான் ஸ்லோவா?" மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது உண்மை. அதனால் வேகம் குறையாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதுதான் நின்றுபோகும். விண்டோஸ் 11 உங்கள் கம்ப்யூட்டரில் ஏறுமா என்று பார்க்க 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச நிரல் இருக்கிறது. ஏறும் என்று சொன்னால் அந்த மாற்றத்துக்கு மைக்ரோசாஃப்ட் காசு கேட்பதில்லை. ஏறாது என்று சொன்னால், அதையும் படம் எடுத்து அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை அலுவலகங்களில் இந்த நிலை என்று சேர்த்துப் பார்த்துவிட்டு, மொத்தமாக விலை கேட்கலாம்.